ஈஸ்டும் போறணையும் இல்லாத வீட்டில் பாண்: சோடாப் பாண் சுடும் முறை

நம் வீடுகளில் பிட்டு அவிக்கிறோம், இடியப்பம் பிழிகிறோம், றொட்டி சுடுகிறோம். பாண் மட்டும் கடையிலிருந்து வருகிறது. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல் அது. சொல்லோடு உணவும் பரவி, மலையகத் தோட்டம் முதல் கரையோர வாடி வரை காலைச் சாப்பாடாகிவிட்டது. ஆனால் அதைச் சுடும் போறணை பேக்கரிக்குள்ளேயே நின்றுவிட்டது. ஈஸ்ட், போறணை, இரவிரவாக வேலை செய்யும் பேக்கரிக்காரர், இந்த மூன்றும் இருந்தால்தான் பாண் என்று பழகிவிட்டோம்.

2022ஆம் ஆண்டு அந்தப் பழக்கத்துக்குச் சோதனை வந்தது. சமையல் எரிவாயு இல்லாமல் நாடெங்கும் பேக்கரிகள் மூடப்பட்டன. கோதுமை மாவின் விலை ஏறிக்கொண்டே போனது. பாட்டுப் போட்டபடி ஊருக்குள் வரும் சூன் பாண் ஓட்டோக்கள் பெற்றோல் வரிசைகளில் நின்றன. வீட்டில் ஒரு கிலோ மா இருந்தாலும் அது றொட்டியாகலாம், பாணாக வழியில்லை என்ற நிலை.

இந்தக் கட்டுரை அந்த ஒரு கிலோ மாவைப் பற்றியது. ஈஸ்டும் போறணையும் இல்லாமல், மா, உப்பு, அப்பச்சோடா, புளித்த மோர் ஆகிய நான்கை மட்டும் வைத்து ஒரு மணித்தியாலத்தில் பாண் சுடும் முறை அயர்லாந்தில் 180 ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. அதைப் புத்தளம் மாவட்டத்தின் மாம்புரியில், விறகடுப்பிலும் சிரட்டைத் தணலிலும் சுட்டுப் பார்த்து இங்கே எழுதுகிறேன். அளவுகளை மட்டுமல்ல, ஏன் அந்த அளவு என்பதையும் சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான் ஒரு பொருள் இல்லாதபோது இன்னொன்றைப் போடலாம்.

ஏன் மாம்புரி

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் குடாநாட்டில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் புத்தளம் களப்புமாக இருக்கும் கரையோர ஊர் மாம்புரி. மணல் நிலம், தென்னை, வெங்காயத் தோட்டம், மீன்பிடி. கரையோரமாகக் காற்றாலைகள் சுழல்கின்றன. அருகில் நுரைச்சோலையில் இருக்கும் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் நாட்டிலேயே ஆகப்பெரியது. ஆனால் 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, மின் போறணை வைத்திருந்த வீட்டுக்கும் அதனால் பயன் இருக்கவில்லை. அப்போது தென்னை தந்த மட்டையும் சிரட்டையும்தான் அடுப்பை எரித்தன.

இன்னொரு காரணமும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். மன்னாரிலிருந்து பலர் படகுகளில் ஏற்றப்பட்டுக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். உலர் உணவு நிவாரணம் என்ற சொல் இந்தக் கரையில் அப்போதே வீட்டுச் சொல்லாகிவிட்டது.

நிவாரண மா

யாழ்ப்பாணத்தில் கோதுமை மாவை இன்றும் 'அமெரிக்கன் மா' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது வந்த வழி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. கோதுமை நம் மண்ணில் விளைவதில்லை, கப்பலில் வருகிறது. 1954இல் அமெரிக்கா இயற்றிய 480ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் பிறகு வேறு உதவிகளின் கீழும் அது மலிவாக வந்தது. 1977இல் சிங்கப்பூரின் பிரிமா நிறுவனத்துடன் உடன்படிக்கை எழுதப்பட்டு, 1980இல் திருகோணமலையில் மா ஆலை இயங்கத் தொடங்கிய பிறகு கோதுமை தானியமாக வந்து இங்கேயே அரைபட்டது.

போர்க்காலத்தில் அந்த மா நிவாரணப் பொதிக்குள் வந்தது. புத்தளத்து முகாம்களிலும், வன்னியில் இடம்பெயர்ந்தோரிடமும், 2009இல் மூன்று லட்சத்துக்கு நெருங்கியவர்கள் அடைத்து வைக்கப்பட்ட மெனிக் பாம் முகாமிலும் அரிசி, பருப்பு, சீனியோடு கோதுமை மாவும் கொடுபட்டது. சோறு தின்று பழகியவர்களின் கையில் மா மூட்டை. பெண்கள் அதை அவித்து, அரிதட்டில் அரித்து, பிட்டாக்கினார்கள், இடியப்பமாகப் பிழிந்தார்கள், வெறும் உப்புத் தண்ணீரில் குழைத்து றொட்டி தட்டினார்கள். அந்தச் சமையலை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பொதியோடு குறிப்பும் வரவில்லை.

இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு நோயால் அழிந்தது. 1852 வரை நீடித்த பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அதற்கு மேலானவர்கள் கப்பலேறினார்கள். தொடக்கத்தில் பிரித்தானிய அரசு அமெரிக்காவிலிருந்து சோளத்தை வாங்கி இறக்கியது. கிழங்கு தின்ற மக்களுக்குச் சோளத்தைச் சமைக்கத் தெரியாது. அரைக்கப் போதிய ஆலைகளும் இல்லை. அரைகுறையாக அரைத்து, அரைகுறையாக வேகவைத்துத் தின்றவர்களுக்கு வயிறு கெட்டது. சமைக்கும் வழி தெரியாத உணவு பாதி உணவுதான் என்பதற்கு அந்தச் சோளம் ஒரு சான்று.

சோடாப் பாண் வந்த கதை

அப்பச்சோடா ஐரோப்பாவில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில். அதைப் போட்டுப் பாண் செய்யும் குறிப்பு ஒன்று 1836இலேயே அச்சில் வந்துவிட்டது. பெரிய ஆலைகளின் பாண் வாங்க வசதியில்லாத, வீட்டில் போறணை இல்லாத நாட்டுப்புறக் குடும்பங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. அதற்கு மூன்று காரணங்கள் இருந்தன.

முதலாவது, அயர்லாந்தின் குளிர்ந்த ஈரக் காலநிலையில் விளையும் கோதுமை மென்மையானது. அதில் பசைப் புரதம் குறைவு. ஈஸ்ட் போட்ட பாண் நன்றாக எழும்ப அந்தப் புரதம் வேண்டும். சோடாப் பாணுக்கு வேண்டியதில்லை. இரண்டாவது, வெண்ணெய் கடைந்த வீடுகளில் மோர் மிஞ்சியது. மூன்றாவது, ஒரு கனத்த இரும்புப் பானையே போறணையாக உதவியது. பானைக்குள் மாவை வைத்து, இரும்பு மூடியால் மூடி, கீழேயும் மூடிமேலும் தணல் போடுவார்கள். அந்தப் பானைக்கு அங்கே பஸ்டிபிள் என்று பெயர். தணல், சதுப்பு நிலத்திலிருந்து வெட்டிக் காயவைத்த கரிமண் எரிந்து வந்தது.

பானையும் தணலும் நமக்குப் புதியவை அல்ல. அப்பம் சுடுகிறவர்கள் மூடிமேல் சிரட்டைத் தணலோ பொச்சுத் தணலோ போட்டு மேல்நெருப்புக் கொடுப்பது பழைய வழக்கம். சோடியம் பைகாபனேற்றுக்கு நாம் வைத்த பெயரே அப்பச்சோடாதான். கள்ளு விட்டுப் புளிக்கவைத்த அப்ப மாவில் கள்ளுக்குப் பதில் ஈஸ்டும் சோடாவும் வந்து சேர்ந்தன. ஆக, சோடாப் பாணுக்கு வேண்டிய அறிவில் பாதி ஏற்கெனவே நம் குசினியில் இருக்கிறது.

இன்று அயர்லாந்துக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பாணை நாட்டின் பாரம்பரிய உணவென்று பரிமாறுகிறார்கள். இல்லாமையில் பிறந்த உணவு பின்னால் ஒரு மக்களின் அடையாளமாவதை நாமும் பார்த்திருக்கிறோம். உப்பும் அரிசியும் தண்ணீருமான கஞ்சியை ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் நினைவாகக் காய்ச்சிக் கொடுக்கிறோம்.

ஏன் எழும்புகிறது

ஈஸ்ட் ஓர் உயிர். அது மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று காபனீரொட்சைட்டு வாயுவை விடுகிறது. அதற்கு மணித்தியாலங்கள் வேண்டும். அப்பச்சோடா ஒரு காரம். அது மோரின் புளிப்பைச் சந்தித்ததும் அதே வாயு அந்தக் கணமே வெளிவருகிறது. இதிலிருந்து மூன்று விதிகள் பிறக்கின்றன.

1. ஈரம் பட்ட பிறகு தாமதிக்கக்கூடாது. மோர் ஊற்றியதும் வாயு வரத் தொடங்கிவிடும். மாவை மூடி வைத்தால் வாயு வெளியேறி, பாண் அமுங்கும். அதனால் அடுப்பும் பானையும் சூடாகித் தயாரான பிறகே மோரை ஊற்றவேண்டும்.

2. பிசையக்கூடாது. றொட்டிக்குக் குழைப்பதுபோல் அடித்துக் குழைத்தால் பசைப் புரதம் இறுகி, வாயு விரிய இடம் கொடுக்காது. பாண் கல்லாகும்.

3. புளிப்பும் சோடாவும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்கவேண்டும். சோடா கூடினால் மிஞ்சிய காரம் பாணை மஞ்சளாக்கும். சவர்க்கார வாடையும் கசப்பும் வரும். ஒரு கோப்பை, அதாவது 240 மி.லீ. புளித்த மோருக்கு அரைத் தேக்கரண்டி சோடா என்பதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

வேண்டியவை

கோதுமை மா 450 கிராம். இது ஒரு இறாத்தல். தேநீர்க் கோப்பையால் அளந்தால் மூன்றரைக் கோப்பைக்குச் சற்றுக் கூட வரும். அப்பச்சோடா முக்கால் தேக்கரண்டி, தட்டையாக வழித்தது. உப்பு முக்கால் முதல் ஒரு தேக்கரண்டி. புளித்த மோர் 350 மி.லீ., அதாவது ஒன்றரைக் கோப்பை அளவு.

சீனி, முட்டை, மார்ஜரின் எதுவும் தேவையில்லை. ஐரிஷ் குறிப்புகள் பலவற்றில் சோடா ஒரு தேக்கரண்டி என்றிருக்கும். மோர் நன்றாகப் புளித்திருந்தால் அது சரி. முதல்நாள் உறைந்த தயிரென்றால் முக்காலுக்கு மேல் போகவேண்டாம்.

நம் கடைகளில் வரும் கோதுமை மா ஐரிஷ் மாவைவிடச் சற்று வலுவானது. 450 கிராமில் 75 முதல் 100 கிராமைக் குறைத்து, அந்த அளவுக்குக் குரக்கன் மாவோ வறுத்த அரிசி மாவோ சேர்த்தால் பாண் மிருதுவாகும். மாம்புரியில் நான் சுட்டவற்றில் குரக்கன் கலந்த பாணைத்தான் வீட்டிலிருந்த பெரியவர்கள் அதிகம் விரும்பினார்கள். அது கபில நிறமாக, அயர்லாந்தின் தவிட்டுச் சோடாப் பாணுக்கு நெருக்கமாக வருகிறது. முழுக்கக் குரக்கனில் செய்தால் பிடிமானமின்றி உதிரும்.

மாவைச் சேர்க்கும் முறை

மா, சோடா, உப்பு மூன்றையும் ஒன்றாக அரிதட்டில் இரண்டு தரம் அரிக்கவும். சோடாக் கட்டி ஒன்று உடையாமல் கிடந்தாலும் பாணில் அந்த இடம் மஞ்சள் புள்ளியாகக் கசக்கும். அகன்ற பாத்திரத்தில் மாவைக் கொட்டி நடுவில் குழி செய்யவும். மோரில் ஒரு பிடியளவை மிச்சம் வைத்துவிட்டு மீதியை ஒரே தடவையில் ஊற்றவும். விரல்களை விரித்து வைத்துக்கொண்டு, நடுவிலிருந்து வெளியே வட்டமாகச் சுற்றி மாவைச் சேர்க்கவும். உலர்ந்த மா அடியில் தெரிந்தால் மட்டும் மிச்ச மோரை விடவும். அரை நிமிடத்தில் முடியவேண்டிய வேலை இது.

மா மிருதுவாக, கையில் சற்று ஒட்டுகிற பதத்தில் இருக்கவேண்டும். றொட்டி மாவைவிட இளக்கம், வடை மாவைவிட இறுக்கம். மா தூவிய பலகையில் போட்டு, கையிலும் மா பூசி, இரண்டு தரம் உருட்டி, நான்கு சென்ரிமீற்றர் உயர வட்டமாகத் தட்டவும். பிறகு கத்தியால் குறுக்கும் நெடுக்குமாக, ஓரத்திலிருந்து ஓரம் வரை ஆழமாகச் சிலுவைபோலக் கீறவும். பேய் பிசாசு வெளியேறட்டும் என்று கீறுவதாக அயர்லாந்தில் வேடிக்கையாகச் சொல்வார்கள். நடுப்பகுதி வேகச் சூடு உள்ளே போகவேண்டும் என்பதே செயல்முறைக் காரணம். வெந்த பாணை நான்காகப் பிய்க்கவும் அந்தக் கீறல் உதவும்.

சுடுவதற்கு மூன்று வழிகள்

*பானையும் தணலும்.* கனத்த அடியுள்ள பானை ஒன்றும், விளிம்புள்ள தட்டையான உலோக மூடியும் வேண்டும். மூடி தணலைத் தாங்கவேண்டும். கைப்பிடி பிளாஸ்திக்காக இருக்கக்கூடாது. பானையின் அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மணல் பரப்பவும். கடற்கரை மணலென்றால் நன்னீரில் பல தரம் கழுவிக் காயவைத்து அரித்து எடுக்கவேண்டும். மணல் சூட்டைப் பிடித்து வைத்து, அடி கருகாமல் காக்கும். அதன்மேல் மூன்று கல்லோ ஒரு சிறிய வளையமோ வைத்து, பாணை வைக்கும் தட்டை அதன்மேல் நிறுத்தவும். மூடியிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் பானையைச் சூடாக்கிய பிறகே மாவைச் சேர்க்கத் தொடங்கவும்.

பாணை உள்ளே வைத்ததும் அடுப்பின் சுவாலையைக் குறைத்துத் தணலாக்கி, மூடிமேல் சிரட்டைத் தணலைப் பரப்பவும். கீழே ஒரு பங்கென்றால் மேலே இரண்டு பங்கு தணல். சூடு மேலே எழும் என்பதால் கீழே கூடினால் அடி கருகும், மேற்புறம் வெளிறிக் கிடக்கும். முதல் 25 நிமிடம் மூடியைத் திறக்கவேண்டாம். தணல் சாம்பல் பூத்தால் புதுத் தணல் போடவும். 45 முதல் 50 நிமிடத்தில் வேகும்.

*தோசைக்கல்.* விறகு மிகக் குறைவாக இருக்கும்போது இதுதான் வழி. வட அயர்லாந்தில் வட்டமாகத் தட்டிய மாவை நான்கு துண்டாக வெட்டிக் கல்லில் சுடுகிறார்கள். மாவை ஒன்றரைச் சென்ரிமீற்றர் கனத்தில் தட்டி, நான்காக வெட்டி, மா தூவிய கல்லில் இளஞ்சூட்டில் ஒரு பக்கம் எட்டு முதல் பத்து நிமிடம் வைத்துத் திருப்பவும். கடைசியில் துண்டுகளை வெட்டுப்பக்கம் கல்லில் படும்படி நிமிர்த்தி ஒரு நிமிடம் வைத்தால் ஓரமும் வேகும். 25 நிமிடத்தில் வேலை முடியும். பார்வைக்குத் தடித்த றொட்டி. பிளந்தால் உள்ளே பாண்.

*மின் அல்லது எரிவாயுப் போறணை.* புலம்பெயர்ந்த நாடுகளில் இருக்கும் வாசகர்களுக்கு: 230 பாகை செல்சியசில் 15 நிமிடம், பிறகு 200 பாகையில் 30 நிமிடம்.

எந்த வழியானாலும் வெந்ததை அறிய ஒரே சோதனைதான். பாணைத் துணியால் பிடித்துப் புரட்டி, அடியில் விரலால் தட்டவும். வெற்றுப் பெட்டியைத் தட்டியது போன்ற சத்தம் வந்தால் வெந்துவிட்டது. மந்தமான சத்தமென்றால் இன்னும் ஐந்து நிமிடம். மெல்லிய ஓடு வேண்டியவர்கள் சூட்டோடு துணியில் சுற்றி வைக்கலாம். வெட்டுவதற்கு முன் அரை மணித்தியாலமாவது ஆறவிடவேண்டும். சூட்டோடு வெட்டினால் உள்ளே களியாகத் தெரியும்.

மோர் இல்லையென்றால்

மோரின் வேலை புளிப்பும் ஈரமும் கொடுப்பது. அந்த இரண்டையும் வேறு வழியிலும் கொடுக்கலாம்.

தயிர் இருந்தால் பாதித் தயிர், பாதித் தண்ணீர். எருமைச் சட்டித் தயிர் தடிப்பானது. அதற்குத் தண்ணீர் சற்றுக் கூட வேண்டும்.

பால்மா இருந்தால் கரைத்த பால் ஒரு கோப்பைக்கு ஒன்றரை மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் திரையும். தேசிக்காய் இல்லையென்றால் இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி. இந்தப் புளிப்பு மோரைவிடக் கொஞ்சம் குறைவென்பதால் சோடாவையும் அரைத் தேக்கரண்டிக்குச் சற்று மேல் என்று குறைத்துக்கொள்ளவும்.

பாலே இல்லையென்றால் அதே அளவு தேசிக்காய்ப் புளியை வெறும் தண்ணீரில் விட்டும் செய்யலாம். நிறமும் ருசியும் குறையும். எழும்புவதில் பெரிய குறை இருக்காது. தேங்காய்ப்பால் ருசி கொடுக்கும், ஆனால் அதில் புளிப்பு இல்லை. அதை விடுகிறவர்கள் தேசிக்காய்ப் புளி சேர்க்க மறக்கக்கூடாது.

சோடா இல்லாமல் பேக்கிங் பவுடர் மட்டும் இருந்தால், அதற்குள்ளேயே புளிப்பு இருக்கிறது. 450 கிராம் மாவுக்கு மூன்றரைத் தேக்கரண்டி போட்டு, வெறும் பாலிலோ தண்ணீரிலோ குழைக்கலாம். சோடாவுக்குப் பதில் அதே அளவு பேக்கிங் பவுடர் போட்டால் பாண் எழும்பாது.

எழும்பாவிட்டால்

நடு வேகாமல் களியாக இருந்தால்: மோர் கூடியிருக்கும், அல்லது மாவை உயரமாகத் தட்டியிருக்கும், அல்லது கீறல் ஆழமில்லை.

கல்லாக இருந்தால்: அதிகம் பிசைந்திருக்கும், அல்லது ஈரம் போதாது.

எழும்பவே இல்லையென்றால்: சோடா பழையது, அல்லது மா குழைத்த பிறகு காத்திருந்திருக்கும். சோடாவைச் சோதிக்க, கால் தேக்கரண்டியில் தேசிக்காய்ப் புளி சில துளி விடவும். உடனே பொங்கினால் நல்லது. கடற்கரைக் காற்றின் ஈரத்தில் திறந்த பக்கெற் கட்டிபடும். இறுக மூடிய போத்தலில் வைத்திருக்கவேண்டும்.

மஞ்சளாகச் சவர்க்காரம்போல் இருந்தால்: சோடா கூடிவிட்டது, அல்லது மோரில் புளிப்பில்லை.

கணக்கு

450 கிராம் மாவில் 700 கிராமுக்குச் சற்றுக் கூடிய பாண் வருகிறது. அதாவது கடைப் பாண் ஒன்றரை இறாத்தல். ஒரு கிலோ மாவில் ஏறத்தாழ மூன்றரை இறாத்தல். மாவின் அன்றைய விலையையும் பாணின் அன்றைய விலையையும் வைத்து உங்கள் ஊர்க் கணக்கை நீங்களே பார்க்கலாம். விறகையும் மோரையும் காசு கொடுத்து வாங்கினால் லாபம் சுருங்கும். மட்டையும் சிரட்டையும் வளவில் விழும் வீட்டுக்கும், தயிர் மிஞ்சும் வீட்டுக்கும்தான் இது உண்மையில் மலிவு. பானைத் தணலில் ஒரு பாண் சுடும் விறகில் இரண்டு சுடலாம். சுடும் நாளில் இரண்டாகச் சுடுவது நல்லது.

சோடாப் பாண் அன்றே தின்னவேண்டியது. அடுத்த நாள் வரண்டுவிடும். துண்டாக வெட்டிக் கல்லில் சுட்டால் மறுபடி நன்றாக இருக்கும். மூன்றாம் நாளைக்கு வைப்பது வீண்.

மாம்புரியில் இதற்குப் பொருத்தமான துணை கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. கட்டச்சம்பல், பருப்பு, கருவாட்டுத் தீயல், மீன்குழம்பு எல்லாவற்றையும் இந்தப் பாண் தாங்கும். கடைப் பாணைவிடக் குழம்பை நன்றாக உறிஞ்சும். மாவோடு ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்தால் துணையே வேண்டாம். பிள்ளைகளுக்குப் பனங்கட்டித் தூளும் முந்திரிகை வற்றலும் போடலாம்.

கவனிக்க வேண்டியவை

சோடாவிலும் சோடியம் உண்டு. மேலே சொன்ன அளவில் ஒரு முழுப் பாணில் உப்பும் சோடாவுமாக மூன்று கிராமுக்குச் சற்றுக் கூடிய சோடியம் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்கிறது. பாணை எட்டாகப் பிரித்து இரண்டு துண்டு தின்றால் அந்த அளவில் ஏறத்தாழ 40 வீதம் போய்விடும். இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் வீட்டில் உப்பைப் பாதியாக்கவும். சம்பலிலும் கருவாட்டிலும் உள்ள உப்பையும் சேர்த்து எண்ணவும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது வெள்ளைப் பாணைவிடப் பெரிய வித்தியாசமில்லை; குரக்கனோ ஆட்டா மாவோ கலந்தால் ஓரளவு நல்லது.

தணல் வேலையை முற்றத்திலோ காற்றோட்டமுள்ள குசினியிலோ செய்யவும். கதவு சாத்திய அறைக்குள் கரித்தணல் எரிந்தால் காபனோரொட்சைட்டு வாயு சேரும். அதற்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிரைக் கொல்லும். மழை நாளில், தகரக் கொட்டிலுக்குள், தார்ப்பாய் விரிப்புக்குள் இது பெரிய ஆபத்து. மூடிமேல் தணல் இருக்கும்போது பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தவும்.

நிவாரணப் பொதிக்கு ஒரு யோசனை

வெள்ளத்திலும் சூறாவளியிலும் மக்கள் பாடசாலைகளிலும் கோயில், பள்ளிவாசல், தேவாலய மண்டபங்களிலும் தங்கும்போது உலர் உணவுப் பொதிகள் இன்றும் கொடுபடுகின்றன. ஊர்ச் சங்கங்களும் புலம்பெயர் அமைப்புகளும் கொடுக்கும் பொதிகளில் கோதுமை மா பெரும்பாலும் இருக்கும். அப்பச்சோடா இருப்பதை நான் பார்த்ததில்லை.

ஒரு பாணுக்கு முக்கால் தேக்கரண்டி என்றால் மூன்றரைக் கிராம் அளவு. 100 கிராம் பக்கெற் ஒன்று 28 பாணுக்கு, அதாவது பன்னிரண்டரைக் கிலோ மாவுக்குப் போதும். பொதியின் மொத்தச் செலவில் அது தெரியாத தொகை, எடையும் இல்லை, இறுக மூடினால் பல மாதம் கெடாது. அதோடு இரண்டு தேசிக்காயும், தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்த பத்து வரிக் குறிப்பும் வைத்தால், மண்டபத்தில் தங்கியிருப்பவர்கள் ஒரு பெரிய பானையும் மட்டைத் தணலும் கொண்டு பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாட்டைத் தாங்களே சுட்டுக்கொள்ளலாம். பொதி கட்டுகிறவர்கள் அடுத்த தடவை மா வாங்கும்போது அதே கடையில் அப்பச்சோடாவையும் கேட்டு வாங்கட்டும்.